ஆபீசில் கழற்றிய மெமரி

மார்ச் 12, புதன்
விடியலிலிருந்து மழை. எஸ்டேட்டில் செம்பனைப் பழம் வெட்ட யாரும் போகவில்லை. ஆபீசில் நான் மட்டும்.

ஞாயிறு என் செஸ் புரோகிராமுக்கும் ரஹாங் ஊர் சிவாவுடையதற்கும் பத்து ஆட்டம், இன்டர்நெட்டில். என்னுடையது இரண்டு வருஷமாக நானே எழுதியது. அவன் மெஷினில் மெமரி தாராளம். என்னுடையதில் கொஞ்சம். மெமரி போதாவிட்டால் புரோகிராம் ஏற்கனவே பார்த்த நிலையை மறந்து மறுபடி கணக்குப் போடுகிறது. நேரம் வீண்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெமரிக்கு இரண்டு ராம் துண்டு. ஒன்றைக் கழற்றி டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டேன். திங்கள் காலை யாரும் வருமுன் மாட்டிவிடலாம். பதினோரு வருஷம் கிரானியாகக் கணக்கெழுதும் வேலை, ஒரு பென்சில்கூட எடுத்ததில்லை.

13, வியாழன்
வீட்டு மெஷினில் மாட்டியாகிவிட்டது. அதே நேரத்தில் இரண்டு நகர்த்தல் கூடுதலாகப் பார்க்கிறது! சந்தோஷம் ஆபீஸ் போகும்வரைதான்.

ஆள்வரவுப் பதிவு திறக்கவே ஆறு நிமிஷம். மேனேஜர் துரை: "என்ன தேவி, எரும மாதிரி படுத்துக் கெடக்கு? லுக்குட் டவுன்லேர்ந்து ரிப்பேர் ஆள வரச் சொல்றேன்."

நாளைக் காலையே திரும்ப மாட்டிவிடலாம். ஞாயிறு முடியட்டுமே என்கிறது மனசு.

14, வெள்ளி
லுக்குட் ஆள் இன்றே வந்துவிட்டான். மூடியைத் திறந்தான். "ஒரு ராம் காணோம்லா சார். யாரோ கழட்டியிருக்காங்க."

ஆபீஸ் சாவி என்னிடமும், கூட்டிப் பெருக்கும் லெட்சுமி அக்காவிடமும். துரை என் பக்கம் பார்க்கவே இல்லை. "திங்கக்கெழம லெட்சுமிய வரச் சொல்லு."

சரி சார் என்றேன். சரி என்றேனே!

16, ஞாயிறு
அம்மாவுக்கு மாத்திரை. சோப்பு. கோழி அரைக் கிலோ.

ஏழு தோல்வி, மூன்று டிரா. என் பேராசை. நேற்று ராத்திரி, இருந்த மெமரி முழுவதையும் புரோகிராமுக்கே ஒதுக்கியிருந்தேன். விண்டோசுக்கு மூச்சுவிட இடமில்லை, டிஸ்க்கில் எழுதி எழுதிப் படித்தது. முன்னைவிட மெதுவாகிவிட்டது. சிவா போனில் சிரிக்கிறான்: "மெமரிய ஏத்திட்டேன்னு சொன்னீங்களேக்கா?" எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் லெட்சுமி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். "கிரானியம்மா, அந்தப் பொட்டிய மேலால தொடைக்கிறதோட சரி. தொறக்கவே தெரியாதும்மா. தொரகிட்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லுங்க." கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டீ போட்டுக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே என் மெஷின்.

வேலை போனால் எஸ்டேட் வீடும் போகும். நடக்கமுடியாத அம்மாவை எங்கே கூட்டிப்போவேன்? பயமாக இருக்கிறது.

17, திங்கள்
7.10. ஆபீஸ். நல்ல வெயில். ராம் டிபன் டப்பாவில்.

லெட்சுமி அக்கா எனக்கு முன்பே வந்து வெளி பெஞ்சில். கோயிலுக்குக் கட்டும் சேலை. என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது. நான் பேசப்போகிறேன் என்று நம்புகிறார்.

துரை கார் வந்துவிட்டது.

"தேவி, லெட்சுமிய உள்ள அனுப்பு."

அக்கா எழுந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். டப்பாவை எடுத்துக்கொண்டு நான் போகிறேன்.