டிக்கெட் எடுக்காத தாத்தா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. உன் கடிதத்தைப் படித்ததுமே இல்லை என்று தெரிந்துவிட்டது. போனில் பேசலாமென்றால், 'தாத்தா' என்று நான் வாயெடுப்பதற்குள் நீ அழ ஆரம்பிக்கிறாய். உடனே எனக்கும் வந்துவிடுகிறது. இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி. பாதியில் போனை எடுக்காதே.

வேலையை விட்டுவிட்டு அடுத்த மாதமே திரும்பி வரப்போவதாக எழுதியிருக்கிறாய். அவ்வளவு தூரம் போகிறாயே என்று தாத்தாவுக்கு உன்மேல் கோபமாம், அதனால்தான் நீ கிளம்பிய அன்று வேண்டுமென்றே கண்ணில் படாமல் இருந்தாராம், அந்தக் கோபத்தோடேயே கண்ணை மூடிவிட்டாராம். அதை நினைத்தால் உனக்கு ஒரு வேலையும் ஓடவில்லையாம். அடி அசடே! அந்த மனிதருக்குக் கோபப்படத் தெரிந்திருந்தால் இந்த வீட்டில் நான் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பேன். உனக்கு அந்தத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்த அன்று, "உலகத்துத் தண்ணியெல்லாம் இனிமே எம்பேத்தி சரின்னு சொன்னாத்தான் குடிக்கணும்" என்று தெருக்கோடி வரை சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

செக்கிங் விளையாட்டு எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்காது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு தெருவே கூடும்படி கத்துவாய். பஸ் ஓட்டும் வேலையிலிருந்து தாத்தா அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். ஒரு நாள் காலையில் ஆளைக் காணோம். அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: "ஐயையோ, செக்கிங் இன்ஸ்பெக்டரம்மா வர்றாங்களே, நான் டிக்கெட் எடுக்கலையே." நீ அழுகையை நிறுத்திவிட்டுத் தேடப் போனாய். பிடித்தாய். அபராதமாக மூக்கைத் திருகிவிட்டுச் சிரித்துக்கொண்டே பள்ளிக்குப் போனாய். அன்றிலிருந்து அவரைத் தேடிப் பிடிக்காமல் யாரும் இந்த வாசலைத் தாண்டியதில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானே கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்திருக்கிறேன். இந்த வீட்டிலிருந்து யாரும் அழுதுகொண்டு படியிறங்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

நீ கிளம்பிய அன்றும் எல்லா இடத்திலும் தேடினோம். மொட்டை மாடி, மோட்டார் அறை, அழுக்குத் துணிக் கூடையைக்கூட விடவில்லை. நேரமாகிறது என்று அப்பா விரட்டினார். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரில் ஏறினாய். அன்று அவர் எங்கே இருந்தார் என்று இப்போது சொல்கிறேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இனி அந்தச் சத்தியத்தை மீறினால் என்னைக் கேட்க அவர் வரப்போவதில்லை.

உன் வண்டிக்குள்ளேயே ஒளிந்துகொள்வதுதான் திட்டம். பெட்டிகளுக்கே இடம் போதாது, நீங்கள் வீட்டில் இருங்கள் என்று அப்பா அவரிடம் சொல்லியிருந்தார் அல்லவா? உட்காரத்தானே இடமில்லை, படுக்க இடமிருக்குமே என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். விமான நிலையம் வரைக்கும் உன்னோடு வரலாம் என்று ஆசை. நாம் கூப்பிட்டிருந்ததும் வெள்ளைக் கார்தான், வெளியே ஒரு வெள்ளைக் கார் நின்றது. சத்தமில்லாமல் ஏறி, பின் சீட்டுக்குக் கீழே படுத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டின மனிதர், ஏறின வண்டி தப்பு. அது எதிர்வீட்டுப் பல் டாக்டர் கூப்பிட்டிருந்த வாடகைக் கார்.

டாக்டரும் அவர் மனைவியும் ஏதோ உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். அந்த அம்மா பின்னால் உட்கார்ந்து, கீழே கிடந்தது துணி மூட்டை என்று நினைத்து, இரண்டு காலையும் தாத்தாவின் முதுகில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். உன் கால் என்று நினைத்துத் தாத்தாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார். "பிள்ளை திடீர்னு கனத்துட்டாளேன்னு மட்டும் ஒரு சந்தேகம்" என்று பிற்பாடு சொன்னார். பெரிய சாலை சிக்னலில் போர்வையை உதறிக்கொண்டு எழுந்து, "இன்ஸ்பெக்டரம்மா, டிக்கெட் எடுக்கல" என்றாராம். அந்த அம்மா போட்ட கூச்சலில் டிரைவர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடிவிட்டாராம். டாக்டருக்கு முதலில் ஆள் யாரென்றே தெரியவில்லை. தாத்தா அசட்டுச் சிரிப்பு சிரித்ததும்தான், "இது நான் கட்டின பல்லாச்சே" என்றாராம்.

இந்தக் கதையைத் தாத்தா தெரு முழுக்கச் சொன்னார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. கடைசியில் போலீஸ் ஜீப்பெல்லாம் வந்துவிட்டது. அப்படி யாரும் வரவில்லை, டாக்டர் மனைவியிடம் நானே விசாரித்துவிட்டேன். உனக்கு மட்டும் சொல்ல விடவில்லை. "போன்ல சொன்னா வீணாப் போயிடும்மா. அவ வரட்டும், நான் தரையில படுத்தே நடிச்சுக் காட்டறேன்" என்றார். எங்கே போயிருந்தீர்கள் என்று நீ கேட்கும்போதெல்லாம் "நீ வா, சொல்றேன்" என்று மட்டும் சொன்னது அதற்காகத்தான். அது உன் காதுக்குக் கோபமாகக் கேட்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற எனக்குத்தானே தெரியும், அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

நான் பிறந்த வீட்டில் சத்தம் போட்டு யாரும் சிரித்ததில்லை. இங்கே வந்த புதிதில் சாப்பாடு தீய்ந்துபோய் நான் விக்கித்து நின்றபோது, உன் தாத்தா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அடிப்பிடிச்சது எனக்கு, மிச்சம் உங்களுக்கு" என்று சண்டை போட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த மனிதரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கொடுத்து வைத்தவள் நான். அவர் இருக்கும்போது இதை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு கேலி வந்திருக்கும்.

அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. பேச்சு குறைந்திருக்கிறது, ஆனால் சாப்பிடுகிறார். போன வாரம் என் மூக்குக் கண்ணாடியைக் காணாமல் தேடு தேடென்று தேடினேன். அவர்தான் ஒளித்து வைத்திருக்கிறார், வாழ்க்கையில் முதல் முறையாக. வைத்த இடம் அவருக்கே மறந்துவிட்டது. சாயந்திரம் அரிசி டின்னுக்குள் கிடைத்தது. உன் அப்பாவுக்கு அந்தக் கலை வராது, ஆனாலும் முயற்சி செய்கிறார்.

சிக்னலுக்குப் பிறகு நடந்ததைத் தாத்தா தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் நல்ல மனிதர், ஓடிப்போன டிரைவரைத் தேடிக் கூட்டிவந்து, தன் பயணத்தை விட்டுவிட்டு வண்டியை விமான நிலையத்துக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறார். அதற்குள் உன்னை உள்ளே அனுப்பிவிட்டு நாங்கள் கிளம்பிவிட்டோம். காவலாளி தாத்தாவை விடவில்லை. வீட்டுச் செருப்போடு, தலையெல்லாம் கலைந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். தூரத்தில் உன் முதுகு தெரிந்ததாம். கண்ணாடியைத் தட்டினாராம், கையை ஆட்டினாராம். நீ பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "ஒரு தடவைகூட திரும்பிப் பாக்கலம்மா. நிமிர்ந்து நடந்து போறா. அழாம போக அவளுக்கு இனிமே நான் ஒளிய வேண்டாம். நல்லா வளத்திருக்கே." கண் கலங்கியிருந்தது, ஆனால் முகமெல்லாம் பெருமை. கடைசிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம், "எம்பேத்தி அழாம போனவ, நான் மட்டும் அழுவேனா" என்று கையை நீட்டினார்.

விமான நிலையம் வந்தும் அந்தக் கோபம் ஆறாமல்தான் நீ திரும்பிப் பார்க்காமல் போனாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். அவருக்குக் கடைசிவரை தெரியாது. உன்னைப் பற்றி அவர் நம்பியது வேறு. சந்தோஷமாகத்தான் நம்பினார், நம்பிக்கொண்டேதான் போனார். அதைப் பொய்யாக்கிவிடாதே கண்ணே. லீவு கிடைக்கும்போது ஓடி வா, வாசலிலேயே நிற்கிறேன். வேலையை விட்டுவிட்டு மட்டும் வராதே. அவர் கண்ணுக்கு அன்று எப்படித் தெரிந்தாயோ, அப்படியே நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா