மேகமலைக் கம்பங்களுக்கு வாடகை

தேனி,
11.7.2024

மாப்பிள்ளை ஜாஸ்பர் அவர்களுக்கு,

நான்கு வருடம் வாய் திறக்காமல் இருந்தது போதும். 'அன்புள்ள' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். இங்கு நலம். என் தங்கை ஜெபஷீலாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று உங்களிடம் கேட்க விருப்பமில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்.

டெலிபோன் ஆபீசில் நான் விருப்ப ஓய்வு பெற்ற அன்று, வீட்டில் ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "மச்சான் ஆபீசுக்கு இப்ப யாரு போறாக? கம்பியில குருவிதான் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கு." பந்தியே சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார். இருபத்தேழு வருடம் மழையில் அறுந்த கம்பிகளைச் சேர்த்துக் கட்டியவன், இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்தக் குருவி உட்கார்ந்த கம்பங்களில்தான் உங்கள் இன்டர்நெட் கேபிள் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுகிறது. அதை அன்று ஒருவரும் சொல்லவில்லை. 

இப்போது டெலிபோன் நிர்வாகம் அந்தக் கம்பங்களுக்கு உங்களிடம் உபயோகக் கட்டணம் கேட்கிறது. விசாரணையில் நிர்வாகத்தின் சார்பில் பேச என்னை அழைத்திருப்பதால் உங்கள் மனுவின் நகல் எனக்கும் வந்தது. இன்டர்நெட் பொதுச் சேவை, ஆகவே கட்டணம் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். யார் எழுதிக் கொடுத்தது? மாதம் பிறந்தால் சந்தா வாங்குகிறீர்கள். தராதவன் இணைப்பை வெட்டுகிறீர்கள். சாய்ந்த கம்பத்தை நிமிர்த்துவதும், காட்டுமாடு முட்டியதை மாற்றுவதும் மட்டும் இன்னொருவன் செலவா? பயன்படுத்துகிறவர் பங்கு கொடுக்கத்தான் வேண்டும். இதில் என் கருத்து மாறாது.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை சுருளியம்மாள் வந்தார். மேகமலை எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் முன்பு தொழிற்சங்கத் தலைவியாக இருந்தவர். கட்டணம் வந்தால் முதலில் அங்குள்ள எழுபது இணைப்புகளையும் நிறுத்தப் போவதாக நீங்கள் சொன்னீர்களாம். அங்கே செல்போன் சிக்னல் இல்லை. ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஜீப்பைக் கூப்பிடுவதுகூட அந்த இணைப்பில்தான். நான் சட்டம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அந்தக் கம்பத்தையெல்லாம் நாங்கதான தோள்ல தூக்கிட்டு வந்தோம்? இப்ப அதுக்கு எங்க தலையிலயே வாடகையா? இது எந்த ஊரு நியாயம் சார்?" என்றார்.



உண்மைதான். 1999 மண்சரிவில் ரோடு போய், லாரி ஏற வழியில்லை. அந்த மக்கள்தான் கம்பங்களைச் சுமந்து வந்து நட்டார்கள். கூலி வாங்கவில்லை. லைன் வீடுகளுக்குப் போகும் எந்த இணைப்புக்கும் அந்தக் கம்பங்களுக்காக என்றைக்கும் கட்டணம் கேட்கக் கூடாது என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மேலதிகாரியின் ஒப்புதலோடு எழுதிக் கையெழுத்திட்டவன் நான். அவர்களிடம் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது. ஆபீஸ் நகல் இடம் மாறியபோது தொலைந்தது. மூன்றாவது என் பீரோவில் இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

இது லைன் வீடுகளை மட்டுமே காப்பாற்றும். சின்னமனூர்க் கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் நீங்கள் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டுங்கள்.

திங்கட்கிழமை நான் நிர்வாகத்தின் பக்கம்தான் உட்காருவேன். கட்டணம் வேண்டும் என்றே பேசுவேன். பேசி முடித்ததும் இந்தத் தாளை நீட்டி, இது உங்கள் கையெழுத்துத்தானா என்று எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். மச்சான் என்று கூப்பிட வேண்டாம். ஆமாம் என்பேன்.

ஜெபஷீலாவிடம், இந்தக் கிறிஸ்துமஸுக்காவது கேக் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவும். போன வருடம் அனுப்பியதில் திராட்சை குறைவு. கர்த்தர் அவள் முழங்காலுக்குச் சுகம் தரட்டும்.

'இப்படிக்கு' என்று எழுத வந்து நெடுநேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதன் கீழே மச்சான் என்று போட்டால் அன்றைய சிரிப்பை மன்னித்ததாகிவிடும். வேறு என்ன போடுவதென்றும் தெரியவில்லை. கையெழுத்து இல்லாமலேயே தபாலில் சேர்க்கிறேன். உள்ளே இருக்கும் தாளில் ஒன்று இருக்கிறது.