ஒரு ஆளுக்கு எவ்வளவு?

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவன் தயவில் நானும் அப்பாவும் சௌக்கியம். உன் சௌக்கியம்தான் இந்த வாரம் முழுக்க எனக்குப் பிடிபடவில்லை.

சிக்கனமாகக் குடும்பம் நடத்த வழி எழுதும்மா என்று கேட்டிருந்தாய். கல்யாணமாகி நாலு வருடத்தில் ஒரு தடவைகூட நீ இதைக் கேட்டதில்லை. நானாகச் சொல்ல வந்தாலும், "ஆரம்பிச்சிட்டியா?" என்பாய். இப்போது நீயே கேட்ட சந்தோஷத்தில் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய பொட்டலம் என்றால் மலிவு என்று நம்பாதே. விலையை எடையால் வகுத்துப் பார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான்; இந்த வகுத்தலைக் கடையில் நின்றே கற்றுக்கொண்டேன். போன மாதம் இரண்டு கிலோ சலவைத்தூள் பையைவிட, அரைக் கிலோ பை நாலு வாங்குவது மலிவாக இருந்தது. ஏன் இப்படி என்று கடைக்காரரிடம் கேட்டதற்கு, "அக்கா, நீங்க உள்ள வந்தாலே எனக்குப் பரீட்சை மாதிரி இருக்கு" என்றார். பசியோடு கடைக்குப் போகாதே, கண்டதெல்லாம் கூடையில் ஏறிவிடும். பருப்பை ஊறவைத்து, மூடி போட்டு வேகவை. சூடாக எதையும் ஃப்ரிஜ்ஜுக்குள் வைக்காதே. சோப்பை உறை பிரித்து ஒரு வாரம் காயவிட்டால் சீக்கிரம் கரையாது.

அன்றே இந்த யோசனைகளை மளமளவென்று எழுதி வைத்துவிட்டு உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். அரிசி ஒரு ஆளுக்கு மாதம் எத்தனை கிலோ, எண்ணெய் ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டிருக்கிறாய். எப்போதும் "நாங்க" என்று எழுதுகிறவள், இரண்டு பக்கத்திலும் "நான்" என்றே எழுதியிருக்கிறாய். அப்பாவிடம் காட்டினேன். "ஒரு ஆள் கணக்கு தெரிஞ்சா ரெண்டால பெருக்கிக்கத் தெரியாதா அவளுக்கு? நீ சும்மா இரு" என்றார். நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை போன் பண்ணினார். அவராக என்னை அழைத்ததே கிடையாது. நலம் விசாரித்தார், கொஞ்சம் தயங்கினார், அப்புறம், "அத்தை, ஒரு ஆளுக்குச் சோறு வைக்க எத்தனை டம்ளர் அரிசி போடணும்? எப்படி வச்சாலும் மிஞ்சிப் போகுது" என்றார். அவள் எங்கே என்று கேட்டேன். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார். உன் ஆபீசுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது எனக்குத் தெரியாதா? அரை டம்ளர் போதும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேர் எதற்குத் தனித்தனியாக ஒரு ஆள் கணக்கு கேட்க வேண்டும்? எப்படிக் கூட்டினாலும் இடிக்கிறது. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. நீங்கள் சேர வேண்டும் என்று கேட்பதா, நீ தப்பித்து வந்தாய் என்று நன்றி சொல்வதா? அவர் கை நீட்டினாரா? நீதான் ஏதாவது சொல்லிவிட்டாயா? போனில் அவர் குரலும் பாவமாகத்தான் இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்று விளங்காமல், நேற்று உப்பு போட மறந்து அப்பா மேல் எரிந்து விழுந்தேன். போன் வந்ததை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இரண்டு வாடகை, இரண்டு அடுப்பு என்றால் செலவு அதிகம்தான். அதற்காகச் சேர்ந்து இரு என்று நான் எழுத மாட்டேன். அப்படி மிச்சம் பிடிக்கிற காசு யாருக்கு வேண்டும்?

உங்களில் யார் வீட்டைவிட்டுப் போனது என்றுகூடத் தெரியாததால், உறையின் மேல் உன் ஆபீஸ் விலாசத்தை எழுதுகிறேன். போனில் கேட்டால் மழுப்பிவிடுவாய் என்றுதான் எழுதிக் கேட்கிறேன்; காரணத்தை எப்போது முடியுமோ அப்போது சொல். சொல்லாவிட்டாலும் போகட்டும். நீ இருக்கிற இடத்தின் விலாசத்தை மட்டும் எழுதிவிடு கண்ணு. அங்கே தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்றும் ஒரு வரி எழுது.

கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும். அவருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா