கில்லாரிக்குப் போன புளியோதரை

கில்லாரி முகாம்
9.10.93

அன்புள்ள அத்தானுக்கு,

கிரிஜா எழுதிக்கொள்வது. நான் சுகம். பூகம்பம் முடிந்தும் பூமி இன்னும் அவ்வப்போது ஆடுகிறது. கூடாரத்தில் இருப்பதால் பயமில்லை.

நம் கோர்படித் தமிழர் கோயில் குழுவாக லாரி நிறையப் புளியோதரை கொண்டு வந்தோமே, அந்தக் கூத்தைக் கேளுங்கள். வாயில் வைத்ததும் புளித்ததால், கெட்டுப்போன சோறு என்று இந்த மராத்தி ஜனங்கள் கொட்டிவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஷேவந்தா என்கிற பெண்தான், "சோளமாவு கொடு தாயி, நாங்களே ரொட்டி தட்டிக்கிறோம்" என்றாள். இடிபாட்டில் தப்பிய ரொட்டிக்கல் ஒன்றே ஒன்று, அதுவும் அவளுடையது. அவள் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட ஜாதி. பெரிய வீட்டுப் பெண்கள் ஒரு நாள் பட்டினி கிடந்து பார்த்தார்கள். மறுநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மாவு பிசைந்தார்கள்.

கல்லூரியிலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்ததா? இன்டர்வியூ நன்றாகத்தான் செய்தேன். மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் கிரிஜா


கோர்படி
14.10.93

அன்புள்ள கிரிஜா,

பத்து நாளில் வருவேன் என்று போனவள் நீ. "அண்ணே, மதினி அங்கேயே தங்கிட்டாங்களா?" என்று பக்கத்து வீட்டுத் தங்கராஜ் சம்சாரம் கேட்கிறாள். நான் என்ன சொல்ல? ஊருக்கெல்லாம் சாப்பாடு போடுகிறாய். கட்டினவன் வைத்த ரசத்தை அவனாலேயே குடிக்க முடியவில்லை.

கல்லூரியிலிருந்து ஒன்றும் வரவில்லை. விட்டுத்தள்ளு. மாலை வகுப்பு எடுக்கப் போவதெல்லாம் நம் வீட்டுக்குச் சரிப்படாது.

பாலச்சந்திரன்


கில்லாரி முகாம்
20.10.93

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இப்போது கிளம்ப மனமில்லை. தகரக் கொட்டகைகளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். ஜாதிக்கொரு வரிசை வேண்டும் என்று பெரிய மனிதர்கள் பிடிவாதம் பிடித்தார்கள்.

எனக்கு நான் படித்த சரித்திரம் நினைவுக்கு வந்தது. கொள்ளைநோய் ஐரோப்பாவை வாரிக்கொண்டு போனபின், வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை. பிழைத்த கூலிக்காரர்கள் தலைநிமிர்ந்து அதிகக் கூலி கேட்டார்கள். பழைய கூலிக்குத்தான் உழைக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் உடனே சட்டம் போட்டார்கள். அப்படியும் ஜனங்கள் விடவில்லை, கூலி ஏறத்தான் செய்தது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இது எனக்கு உறைக்கவே இல்லை.

நேற்றுக் கூட்டத்தில், சேர்ந்து ரொட்டி தட்டிய பெண்களே எழுந்து சீட்டுக் குலுக்கச் சொன்னார்கள். குலுக்கினார்கள்! ஷேவந்தாவுக்குப் பக்கத்துக் கொட்டகை ஊர்த்தலைவர் பாட்டீல் வீட்டு மருமகளுக்கு. எத்தனை நாள் நிலைக்குமோ, எனக்கு ஆசையாக இருக்கிறது.

கல்லூரி கைவிட்டதில் வருத்தம்தான். ரசத்தில் புளியைக் குறையுங்கள்.

கிரிஜா


கோர்படி
25.10.93

அன்புள்ள கிரிஜா,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். நான் பொய் சொன்னேன். கல்லூரிக் கடிதம் நீ போன மூன்றாம் நாளே வந்துவிட்டது. வேலை உனக்குத்தான். பிரித்துப் படித்துவிட்டு பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். நீ இல்லாத வீடு பயமாக இருந்தது. சட்டம் போட்டவர்களில் நானும் ஒருத்தன் என்று இப்போது தெரிகிறது.

வேலையில் சேரும் கெடு வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. இன்று லீவு போட்டுப் பிரின்சிபாலைப் பார்த்து, ஒளித்து வைத்தவன் நான்தான் என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நவம்பர் முதல் தேதி, திங்கட்கிழமைவரை காத்திருப்பாராம். வந்துவிடு. நானே கூட்டிப்போகிறேன்.

பாலச்சந்திரன்


கில்லாரி முகாம்
28.10.93

அத்தானுக்கு,

ஞாயிறு வருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. கல்லூரிக்கு நானே போய்க்கொள்கிறேன். மாலை வகுப்பு முடிய எட்டாகும். அப்போது வந்து வாசலில் நில்லுங்கள், சேர்ந்து வீட்டுக்குப் போவோம்.

கிரிஜா