குலையாத பின்னல்

அன்புத் தங்கச்சி கௌசலாவுக்கு அண்ணை எழுதுவது. நானும் உன் மகள் சாம்பவியும் சுகம். நீ பார்க்கப் போன அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? போனில் சொன்னால் நீ அழுவாய், அதனால் எழுதுகிறேன்.

சாம்பவியின் லக்ரோஸ் குழு, அதுதான் வலை கட்டிய தடியால் பந்தெறியும் விளையாட்டு, இந்த வருசம் தரவரிசையில் முதலிடம். அவளால்தான் என்று எங்கள் லாசால் பகுதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் ஆட்டத்துக்கு முன் நான் பின்னிவிடும் இரட்டைப் பின்னல் அப்படியே திரும்பி வந்தது. ஹெல்மெட் போட்டு ஓடிய பிள்ளைக்குத் தலை கலையாதா? வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், பிள்ளை பெஞ்சில் இருக்கிறாள்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் பயிற்சியாளன் முகத்தில் கொட்டினேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவால் நகரம் வரை கேட்டிருக்கும்.

"விளையாடப் பழக வந்த பிள்ளையை ஏன் குந்த வைச்சிருக்கிறாய்?"

"இவளை இறக்கினால் முதலிடம் போயிடும், மெஸ்யூ."

"உந்த முதலிடத்தை நீயே வைச்சிரு."

"கத்தாதேங்கோ மாமா, எல்லாரும் பாக்கினம்" என்றாள் சாம்பவி. அந்த வாரமே வில்லரே பகுதியில் இருக்கிற கடைசி இடத்துக் குழுவில் சேர்த்துவிட்டேன்.

நேற்று அவர்களுடன் முதல் ஆட்டம். படுதோல்வி. ஆனால் முழு நேரமும் ஓடினாள். பின்னல் இரண்டும் அவிழ்ந்து முகமெல்லாம் மயிர்.

"மாமா, உங்கட பின்னல் சரியில்லை. அம்மான்ர நிக்கும்."

என்னைப்போல் பின்ன இந்த ஊரில் ஆளில்லை. என்றாலும் நீ எப்படி இறுக்குகிறாய் என்று உடனே எழுது. இனிச் சனிக்கிழமைதோறும் ஆட்டம். பஸ் வருகிறது, நிறுத்துகிறேன்.

அண்ணை
அரியரத்தினம்