சூடம் அணைத்த கை

கள்ளக்குறிச்சி
1-2-1986

சிரஞ்சீவி தங்கை ஆண்டாளுக்கு அண்ணன் நாராயணசாமி ஆசி கூறி எழுதுவது.

பெருமாள் திருவருளால் இங்கு யாவரும் நலம். மார்கழித் துவாதசியில் அப்பாவின் திதிக்கு நீ வரவில்லை. பேருந்து கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஒன்பது ஆண்டுகளாக மலையில் பள்ளி நடத்துகிறவளுக்குத் திதியன்று மட்டும் பேருந்து கிடைக்காமற்போவதன் காரணம் பெருமாளுக்கே வெளிச்சம்.

நிற்க. எங்கள் கல்விக் கழகம் நம் பகுதிப் பள்ளிகளுக்கென நாட்டு விடுதலை வரலாற்றை ஒரு வாசகநூலாக எழுதித் தரும் பணியை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. அதில் கல்வராயன் மலைக்கும் ஒரு பாடம் வேண்டும் என்பது என் அவா. அடிமைப்பட்டிருந்த காலத்தில் துன்புற்ற ஒருவரைத் தேடி, அவர் வாய்மொழியை எழுதி அனுப்பு. வெறும் பேச்சைக் கழகத்தார் ஏற்கமாட்டார்கள். அம்மலையில் கோயில் முன் சூடம் ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யும் வழக்கம் உண்டென்று அப்பா சொல்வார். அவ்வாறு ஊரறியச் செய்வித்த பின் எழுது.

ஆசியுடன்,
நாராயணசாமி

வேங்கைப்பாடி
9-3-1986

வணக்கத்திற்குரிய அண்ணா அவர்களுக்குத் தங்கை ஆண்டாள் தெண்டனிட்டு எழுதுவது.

நீங்கள் கேட்டபடியே செய்தேன். ஆயம்மாள் வேறொரு மலைச்சிற்றூரில் பிறந்து இவ்வூரில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போயிருந்தபோது நடந்தது இது. கரிராமன் கோயில் முன் சூடம் அணைத்துவிட்டு அவள் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்:

"வெள்ளக்காரன் பூட்டான்னு கீழ பேசிக்கினாங்களாம். அதுக்கு அடுத்த வருசம். நான் புள்ள பெத்து ஒம்போது நாளு. ஜாகீருக்குச் சாமை குத்த ஆளு வரணும்னு மணியக்காரரு சொல்லி அனுப்பிச்சாரு. கூலி ஏது, கூப்ட்டா போவணும். தூளிய மரத்துல கட்டிட்டுக் குத்தினேன். புள்ள கத்துது. பால் குடுத்துட்டு வரேங்கன்னேன். 'மூட்ட கட்டினப்புறம் போடி'ன்னாரு. கத்திக்கினே இருந்துச்சு. அப்புறம் சத்தம் நின்னுச்சு. தூங்கிடுச்சுன்னு நெனச்சேன். போய்ப் பாத்தா எறும்பு மொய்ச்சிக்கினு கெடக்குது, டீச்சரே. அந்தாளு நெத்தியில நாமம் போட்டிருந்தாரு. எங்க கரிராமனுக்குப் போடறோமே, அதே நாமம்."

அண்ணா, அவ்வாண்டு அந்த ஊரில், மலைக்கு உடையவரான ஜாகீர்தாருக்காக மணியம் பார்த்தவர் யார் என்பதை நாம் இருவரும் அறிவோம். அவர் இறக்கிவந்த சாமையில் அம்மா பொங்கல் செய்தார். நீங்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டீர்கள். நானும் உண்டேன். நான் யார் மகள் என்பதை இவ்வூரில் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அது என் கோழைத்தனம்.

அப்பாவின் பெயரை அச்சிட வேண்டா. ஆயம்மாள் கேட்பது ஒன்றுதான்: "நான் சொன்னது சொன்னாப்ல பொஸ்தவத்துல வரட்டும். அந்தப் புள்ளைக்கு ஒரு பேரு கூட வெக்கல. அதாவது இருக்கட்டும்."

தங்கை,
ஆண்டாள்

கள்ளக்குறிச்சி
20-6-1986

சிரஞ்சீவி ஆண்டாளுக்கு ஆசிகள்.

வாசகநூல் வெளிவந்துவிட்டது. உன் பள்ளிக்கு நாற்பது படிகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஏழாம் பாடம் ஆயம்மாளுடையது. கழகத்தார் படித்துக் கண் கலங்கினர்.

பாடத்தைச் சற்றுச் செப்பம் செய்திருக்கிறேன். ஆண்டு 1942 ஆகிறது. மணியக்காரர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி நிற்கிறார். நாமத்தின் இடத்தில் தொப்பி. துயரத்தில் ஓர் எழுத்தையும் நான் குறைக்கவில்லை. பாடத்தின் அடியில் 'ஆயம்மாள் சத்தியம் செய்து கூறியவாறு' என்றும் குறித்திருக்கிறேன்.

அச்சகம் வைத்திருக்கும் பஷீர் அகமது மெய்ப்பைக் கொடுக்கும்போது, "புலவரே, எங்க அத்தா பொதிமாட்டுல உப்பு ஏத்திக்கினு மலைக்குப் போனவரு. அங்க வெள்ளக்காரனப் பாத்ததா ஒரு நாளும் சொன்னதில்லியே. கொஞ்சம் ஜாஸ்தியா இல்ல?" என்றார். "எழுத்து உம்முடையது, பொருள் என்னுடையது" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பெற்றவரின் குறையை மறைப்பது பிள்ளையின் கடன். மேலும், நாட்டுக்குப் பகைவன் வெளியிலிருந்து வந்தான் என்று படிக்கும் குழந்தைதான் நாட்டை நேசிக்கும். நீயும் நாளடைவில் உணர்வாய்.

நாராயணசாமி

வேங்கைப்பாடி
17-8-1986

அண்ணா அவர்களுக்கு,

விடுதலை நாளன்று கொடியேற்றிய பின், கோயில் முன்பாக ஏழாம் பாடத்தை ஊரே கேட்க ஒரு மாணவி படித்தாள். நூல் அதற்கு முன்பே வீடுதோறும் போய்விட்டதால் என்னால் தடுக்க இயலவில்லை. ஆயம்மாளிடம் முன்கூட்டிச் சொல்லவும் துணியவில்லை. ஆயம்மாள் முன்வரிசையில் புதுப்புடவை கட்டி அமர்ந்திருந்தாள். பாதியில் எழுந்து, "வெள்ளக்காரனா? அவன நான் கண்ணாலயும் பாத்ததில்லியே" என்றாள்.

ஊர்க்கவுண்டர் சின்னக்கண்ணு நூலை வாங்கி, அடிக்குறிப்பை மறுபடி படிக்கச் சொன்னார். "ஆயம்மா, இங்க சூடம் அணைச்சு மணியக்காரருன்ன. பொஸ்தவத்துல அதே சூடம் அணைச்சு வெள்ளக்காரன்னு இருக்குது. ரெண்டுல ஒண்ணு பொய்ச்சத்தியம். ஆடி முடியப் போவுது, மழை எறங்கலியே, இப்பதான தெரியுது இன்னாத்துக்குன்னு."

மாற்றியவர் என் அண்ணன் என்று சொன்னேன். நூலில் இருந்த உங்கள் படத்தைக் காட்டி, "நாமம் போட்ட பெரிய மனுசன் பொய் எழுதுவாரா டீச்சர்?" என்றார்.

ஆயம்மாளுக்கு ஊரில் நெருப்பில்லை, நீரில்லை. மகன் அம்மாசியே அவள் பானையை வெளியில் எடுத்து வைத்தான். வைக்காவிட்டால் அவன் வீட்டையும் சேர்த்து விலக்கியிருப்பார்கள். அவள் கிணற்றடிக்குப் போனால், "துரசாணி வராங்கோ, வழி வுடுங்கடி!" என்று பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகுகிறார்கள்.

சின்னக்கண்ணுக் கவுண்டர் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: "எழுதின கையி வந்து சூடம் அணைச்சுச் சொல்லட்டும். அன்னிக்கே அவளச் சேத்துக்கறோம்." அண்ணா, ஒரு நாள் போதும். வாருங்கள்.

ஆண்டாள்

கள்ளக்குறிச்சி
29-8-1986

சிரஞ்சீவி ஆண்டாளுக்கு,

மூதாட்டி ஒருத்திக்குத் தண்ணீர் மறுக்கப்படுவதை அறிந்து வருந்தினேன். அவள் பெயருக்குப் பெருமாள் சந்நிதியில் துளசி அர்ச்சனை செய்வித்து, பிரசாதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். சேர்ப்பித்துவிடு.

நான் வருவதற்கில்லை. நித்திய பூசை செய்யும் கையை ஊர்ப்பஞ்சாயத்தின் முன் நீட்டுவது முறையன்று. தவிரவும், நான் அங்கே சூடத்தை அணைத்தால் அப்பாவின் பெயரும் அதனுடன் அணையும். உயிரோடிருப்பவர் தம் துன்பத்தைத் தாமே பொறுத்துக்கொள்ளலாம். மறைந்தவரால் இயலாது. அவள் சரணாகதி செய்யட்டும். பிறவி எடுத்தது எதனால் என்று எண்ணிப் பார்க்க அவளுக்கு இது ஒரு வாய்ப்பு.

பொங்கலைப் பற்றி எழுதியிருந்தாய். உன் கிண்ணமும் காலியாகத்தான் இருந்தது.

நாராயணசாமி

வேங்கைப்பாடி
5-11-1986

அண்ணா அவர்களுக்கு,

தீபாவளிக்கு மறுநாள் ஆயம்மாள் இறந்துவிட்டாள்.

இரண்டு மாதமாக மக்காச்சோளக் கொல்லையின் காவற்பரணுக்கு அடியில் கிடந்தாள். நான் நீர் கொண்டுபோனதால் பள்ளிப் பானையில் பிள்ளைகள் நீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். உங்கள் துளசியைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "ஒடம்புக்கு நல்லது" என்று மென்றாள்.

கடைசி நாளில் அவளிடம் நான் யார் மகள் என்பதைச் சொன்னேன். "தெரியும்" என்றாள். "நீ மலையேறி வந்த அன்னிக்கே தெரியும். அதே மூக்கு. அதனாலதான் ஒங்கிட்ட சொன்னேன். வேற யாருகிட்ட சொல்றது?"

பிறகு, "ஒங்க அண்ணன் வராரா?" என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறார் என்று பொய் சொன்னேன். புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

பாடை தூக்க ஊரில் ஒருவரும் வரவில்லை. அம்மாசி தன் தாயைத் தோளில் போட்டுத் தனியே கொண்டுபோனான். அவ்வளவுதான் கனம். அவன் மகளைக் கேட்டு வந்தவர்கள், பொய்ச்சத்தியக்காரி பேத்தி வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். எழுதியவர் வந்து சொன்னால் செத்தவளையும் ஊரில் சேர்க்கலாம் என்று சின்னக்கண்ணுக் கவுண்டர் இப்போதும் சொல்கிறார்.

ஆண்டாள்

கள்ளக்குறிச்சி
22-12-1986

சிரஞ்சீவி ஆண்டாளுக்கு ஆசிகள்.

ஆயம்மாள் பரமபதம் அடைந்ததறிந்து ஒரு வேளை உபவாசம் இருந்தேன்.

வாசகநூல் இரண்டாம் பதிப்புக் காண்கிறது. 'அமரர் ஆயம்மாள்' என்று திருத்திவிட்டேன். அவளுக்கு மரியாதைக் குறைவு நேரக்கூடாதல்லவா? பாட இறுதியில் வினாக்களும் சேர்த்திருக்கிறேன். முதல் வினா: 'ஆயம்மாளின் குழந்தை இறக்கக் காரணமானவர் யார்?' உன் மாணவர்கள் பிழையின்றி விடை எழுதப் பயிற்சி கொடு. வேறு விடை எழுதுவோர்க்கு மதிப்பெண் இல்லை.

வருகிற துவாதசியில் அப்பாவின் திதி. கழகத்தார் அனைவரும் வர இசைந்துள்ளனர். அப்பாவின் படத்தின் முன் நூலை வைத்துச் சூடம் காட்டி வெளியிடுவதாக எண்ணம். இம்முறை பேருந்தைக் காரணம் காட்டாதே. நீ வந்தால்தான் சபை நிறையும்.

நாராயணசாமி

வேங்கைப்பாடி
2-1-1987

அண்ணா,

துவாதசிக்கு வருகிறேன். பேருந்து இருக்கிறது.

சின்னக்கண்ணுக் கவுண்டரும் அம்மாசியும் என்னுடன் வருகிறார்கள். நான் யார் மகள் என்பதை இருவருக்கும் சொல்லிவிட்டேன். நீங்கள் மலையேற வேண்டா. கழகத்தார் இருக்க, அப்பாவின் படத்தின் முன் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, உங்கள் முதல் வினாவுக்கு நீங்களே விடை சொல்லுங்கள். எந்த விடையானாலும் அந்தக் கையால்தான் அதன்பின் பூசை செய்வீர்கள்.

சூடம் நான் வாங்கி வருகிறேன்.

ஆண்டாள்