ஹாலில் ஊற்றிய இரண்டு வாளித் தண்ணீர்

அன்பு மகள் வாத்தியாரம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், தரைக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் போய் இப்போது தேறிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும், இதைப் படித்து முடிக்கும்வரை நீ போனைக் கையில் எடுக்காமலும் இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபிறகு சிமெண்டுத் தரை சில்லிடுகிறது என்று நீதான் லீவு போட்டு வந்து, ஆசாரியை வைத்து ஹால் முழுக்க லேமினேட் பலகை போட்டுக் கொடுத்தாய். கிளம்பும்போது இருபது தடவை சொன்னாய், தண்ணி ஊத்தாதீங்கப்பா, துணியை ஒட்டப் பிழிஞ்சு துடைச்சா போதும் என்று. நானும் இருபது தடவை தலையாட்டினேன். தலை ஆடியதே தவிர அதற்குள் ஒன்றும் இறங்கவில்லை. முப்பது வருஷம் டிப்போவில் பஸ் கழுவியவனம்மா நான், தண்ணீர் கறுப்பாக ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்குச் சுத்தம். தரைக்குப் போய் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் ஒற்றி எடுப்பதா என்று ரோஷம் வந்து, போன மாதம் அம்மா உன் சித்தியோடு பிசியோதெரபிக்குப் போன நேரம் பார்த்து இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டேன், சோப்புத்தூள் வேறு. ஹால் கண்ணாடி மாதிரி ஜொலித்தது. அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இரண்டாம் நாள் பலகைகளின் இணைப்பெல்லாம் நனைந்த நோட்டுப் புத்தகம்போல் உப்பிக்கொண்டு நின்றது. உன் வீரத் தகப்பன் நான் என்ன செய்தேன் தெரியுமா, அம்மா எழுந்து வருவதற்குள் மேலே ஒரு பாயை விரித்துவிட்டேன், பார்க்க அழகாயிருக்கும் என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். அம்மா தினமும் படுக்கையறையிலிருந்து ஜன்னல்வரை பன்னிரண்டு எட்டு நடந்து பழகுவாள், கம்பையும் விட்டுவிடும் நிலைக்கு வந்திருந்தாள். பாய் வந்த நாள்முதல் நாலாவது எட்டிலேயே நிற்க ஆரம்பித்தாள், மறுபடி கம்பை எடுத்தாள். நான் சோபாவில் சாய்ந்துகொண்டு தைரியமா நட, எல்லாம் மனசுலதான் இருக்கு என்று உபதேசம் செய்தேன், என் வாயில் தரை துடைக்கும் துணியைத் திணித்திருக்க வேண்டும். ஒருநாள் கால் இடறிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்து, தரை சமமா இருக்கறதுகூட என் காலுக்குத் தெரியலைங்க, மேடும் பள்ளமுமாத் தோணுது, ஆபரேஷன் வீணாப் போச்சு போல, பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க என்று அழுதாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை, பாயை இழுத்துப் போட்டுக் காட்டினேன். குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள். அப்போ என் கால் நல்லாத்தான் இருக்கா என்று கேட்டாள். அந்தச் சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அடுத்த ஒரு மணி நேரம் எனக்கு விழுந்த திட்டைக் கேட்காமல் இருந்ததும் நல்லதுதான்.

தரை போட்ட ஆசாரி வந்து பார்த்துவிட்டு, கழுவினீங்களா சார், இல்லை பஸ்ஸையே உள்ளே கொண்டுவந்தீங்களா என்றார். தரை போட்டப்போ மிஞ்சின பலகை பத்திரமா இருக்கா என்று கேட்டார். பத்திரமாகத்தான் இருந்தது, நான் அதில் செருப்பு ஸ்டாண்டு அடித்து வைத்திருந்தேன். அதைப் பிரித்து மாற்றியிருக்கிறார், ஆணி ஓட்டை விழுந்த பலகை இரண்டும் சோபாவுக்கு அடியில் இருக்கிறது, நீ வந்தால் அங்கே குனிந்து பார்க்காதே.

இப்போது தினமும் பெருக்கிவிட்டு, ஒரு சொட்டுக்கூடச் சொட்டாத துணியால் துடைக்கிறேன், நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய கம்பளித் துண்டு ஒட்டியாகிவிட்டது. அம்மா பன்னிரண்டு எட்டும் கம்பில்லாமல் நடக்கிறாள். ஆனாலும் கம்பை விடவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து அதோ அங்கே, இதோ இங்கே என்று எனக்கு இடம் காட்ட அது வேண்டியிருக்கிறதாம்.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருங்கள், பேத்திக்கு என் முத்தம். மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டாதே, அங்கேயாவது எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சட்டும்.

பிழிந்த துணியும் கையுமாக,
உன் அப்பா